‘ஜெர்க்’ அடிப்பதும் ‘ஜெர்க்’ ஆவதும்

“ஃபர்ஸ்ட் கியர்ல ஜெர்க் அடிக்குது.” சென்னையின் பாடிப் பகுதியில் வண்டியைப் பட்டறையில் விடுகிறவர் இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை. லூகாஸ் டிவிஎஸ் 1961இலும், சுந்தரம் கிளேட்டன், பிரேக்ஸ் இந்தியா இரண்டும் 1962இலும் தொடங்கப்பட்டவை. ஸ்டார்ட்டர் மோட்டாரும் பிரேக்கும் செய்ய எழுந்த இந்த ஆலைகளின் ஊரில் இது பழகிய சொல். இதே சொல்லைத்தான் சினிமா கிசுகிசுப் பகுதியும் எடுத்துக்கொள்கிறது: நடிகரின் சம்பளத்தைக் கேட்டுத் தயாரிப்பாளர் ‘ஜெர்க்’ ஆகிறார். எந்திரத்திலிருந்து மனத்துக்கு நிகழ்ந்த இந்தத் தாவல் ஆங்கிலம் தந்ததன்று, தமிழே போட்ட வழி என்பது இக்கட்டுரையின் வாதம்.

ஆங்கிலத்தில் இச்சொல் 16ஆம் நூற்றாண்டில் சாட்டையடியைக் குறித்தது. அதற்கு உறவாகக் கருதப்படும் ‘யெர்க்’, செருப்பு தைப்போர் தையல் நூலைச் சுண்டி இறுக்குவதைச் சொல்லும். இரண்டுமே ஒலிக்குறிப்பாய்ப் பிறந்திருக்கலாம் என்பர் அகராதியாளர். பின்னர் பொருள் வெட்டி இழுக்கும் அசைவாக விரிந்தது. 20ஆம் நூற்றாண்டு அமெரிக்கப் பேச்சில் முட்டாளுக்கும் அற்பனுக்கும் வசையாயிற்று. இயற்பியலில் அது முடுக்கம் மாறும் வீதம். ஓட்டுநர் பிரேக்கை மிதித்ததும் நிற்பவர் நிலைகுலைவதற்கு வேகத்தைவிட இந்தத் திடீர் மாற்றமே காரணம். 2014 கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டியில் வேலூர்ப் பளுதூக்கும் வீரர் சதீஷ் சிவலிங்கம் ‘கிளீன் அண்ட் ஜெர்க்’ முறையில் 179 கிலோ தூக்கினாரே, அதிலுள்ளதும் இச்சொல்தான். உலர்த்திய இறைச்சியான ‘ஜெர்க்கி’ மட்டும் வேறு குடும்பம். அது தென்னமெரிக்கக் கெச்சுவா மொழியிலிருந்து ஸ்பானியம் வழியே வந்தது.

தமிழ் இவற்றில் அசைவை மட்டும் பொறுக்கிக்கொண்டது. வசை வரவேயில்லை.

பொறுக்கியதைத் தன் இலக்கணத்தில் பூட்டவும் செய்தது. வண்டி ஜெர்க் ‘அடிக்கும்’. ஓட்டுநர் ஜெர்க் ‘கொடுப்பார்’. ஆள் ஜெர்க் ‘ஆவார்’. துணைவினையைக் கேட்டாலே எது எந்திரம், யார் செய்தவர், யார் பட்டவர் என்பது விளங்கிவிடும். ஆங்கில வசையில் ஒருவன் பிறவிக் குணத்தால் ஜெர்க். நமக்கு ஒரு கணம் மட்டும்.

உடல் அசைவு மன அதிர்ச்சிக்குப் பெயராவது எல்லா மொழிகளிலும் உண்டே, இதில் தமிழின் பங்கு என்ன என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆங்கிலத்திலும் ‘ஜோல்ட்’ என்னும் சொல் அந்த வழியில் போனது. ஆனால் ‘ஜெர்க்’ போகவில்லை. ஆங்கிலம் கொடுக்காத பொருளைத் தமிழர் எங்கிருந்து பெற்றனர்? ‘தூக்கிவாரிப் போட்டது’, ‘ஆடிப்போனான்’, ‘வெலவெலத்துப் போனான்’ என்ற தொடர்கள் முன்பே வெட்டி வைத்திருந்த தடத்தில் இந்தப் புதுச் சொல்லும் ஓடியது என்பதே பொருத்தமான விடை.

ஆயினும் அது பழைய சொற்களின் இடத்தைப் பிடித்துவிடவில்லை. ‘திடுக்கிட்டார்’ என்பதன் கனம் இதற்கு இல்லை. கொஞ்சம் கேலி கலந்தே ஒலிக்கிறது. இழவுச் செய்தி கேட்டவரை யாரும் ‘ஜெர்க் ஆனார்’ என்பதில்லை. கல்யாண மண்டப வாடகையைக் கேட்டவரைத் தாராளமாகச் சொல்கிறார்கள்.