வினையும் துணைச்சொல்லும்

ஆங்கிலம் கற்கப் புகுந்த நம்மவர்க்கு அம்மொழியின் நெடிய சொற்கள் பேரிடர் தருவதில்லை. 'எக்ஸ்டிங்குவிஷ்' என்பதை ஒருமுறை அகராதியிற் கண்டால், தீயை அணைத்தல் என்ற பொருள் தெளிவாகிவிடும். 'புட்', 'அவுட்' என்பனவோ முதல் வகுப்பிலேயே அறிந்த சொற்கள். அவ்விரண்டும் கூடி அதே பொருளைத் தரும்போதுதான் நாம் திகைக்கிறோம். நாம் பள்ளியில் பயின்ற நாளில், 'புட் ஆஃப்' என்று எழுதியதை ஆசிரியர் ஒருவர் சிவப்பு மையால் அடித்து, 'போஸ்ட்போன்' என்று திருத்தினார். முன்னது தெருப்பேச்சு என்பது அவர் கருத்து. இவ்வகைத் தொடர்களின் குலமரபை அறிந்திருந்தால் அவர் அவ்வளவு மை செலவிட்டிரார்.

பழைய ஆங்கிலத்தில் இத்துணைச்சொற்களுட் பல வினைக்கு முன்னே ஒட்டி நின்றன. 'வித்ஸ்டாண்ட்' என்பது அந்நிலையின் எச்சம். 'வித்' என்பதற்கு அக்காலத்தில் 'எதிராக' என்ற பொருள் இருந்தது. ஆகவே அச்சொல் எதிர்த்து நிற்றலைக் குறித்தது. வடமொழியில் 'ஹ்ரு' என்னும் ஒரே வேர் முன்னொட்டுகளால் ஆஹாரம், விஹாரம், ஸம்ஹாரம், பரிஹாரம் என்று பொருள் வேறுபடுவதை அறிந்த நமக்கு இது புதுமையன்று. காலப்போக்கில் ஆங்கில முன்னொட்டுகள் வலுவிழந்தன. தனித்து நின்ற துணைச்சொற்கள் வினைக்குப் பின்னே இடம் பெற்றன. 9ஆம் நூற்றாண்டு முதல் இங்கிலாந்தின் வடக்கிலும் கிழக்கிலும் குடியேறிய ஸ்காண்டிநேவிய மக்களின் பேச்சு இம்மாற்றத்திற்குத் துணை செய்தது என்பர் அறிஞர் பலர். இன்று இத்தொடர்களில் ஓயாது உழைக்கும் 'டேக்', 'கெட்' என்ற வினைகளே அவர்கள் வாயிலாக வந்தவைதாம்.

1066இல் நார்மானியர் வென்றபின் அரசவையில் பிரெஞ்சும் ஆலயத்தில் இலத்தீனும் கோலோச்சின. ஆங்கிலம் குடியானவர் நாவில் வாழ்ந்தது. அந்நிலையிலும் பீட்டர்பரோ மடத்துத் துறவியர் 1154 வரையிலான நிகழ்ச்சிகளை ஆங்கிலத்திலேயே எழுதி வைத்தனர். முதலாம் ஹென்றி மன்னன் அம்மடத்துத் தலைவரைப் பதவி துறக்கச் செய்த செய்தியை 1132ஆம் ஆண்டுக் குறிப்பிற் காண்கிறோம். அங்கே துறத்தலைச் சுட்ட வந்த வினை, இன்றைய 'கிவ் அப்' என்பதன் பழைய வடிவமே! நம் ஆசிரியர் தெருவில் விட்ட சொல்லினம், மடத்து ஏட்டில் எண்ணூறு ஆண்டுகளுக்கு முன்பே அமர்ந்திருந்தது.

பிற்காலப் புலவர்களுக்கு இலத்தீனே அளவுகோலாயிற்று. டிரைடன் 1672இல், வாக்கியத்தை முன்னிடைச்சொல்லில் முடித்தமைக்காக பென் ஜான்சனைக் குறை கூறினார். பின்னர்த் தம் நூலையே அவ்வாறு திருத்திக்கொண்டார். சாமுவேல் ஜான்சனோ 1755இல் வெளியிட்ட அகராதியின் முன்னுரையில், இவ்வினைத்தொடர்கள் அயலார்க்குப் பெருந்தடை என்பதை உணர்ந்து, அவற்றை மிக்க கவனத்துடன் திரட்டியதாகக் கூறினார். அயலாராகிய நாம் அவருக்குக் கடப்பாடுடையோம்.

இவற்றுள்ளும் இரு வகை உண்டு. 'ரன் அப் எ பில்' என்றால் கடனை ஏற்றிக்கொள்ளுதல். 'ரன் அப் எ ஹில்' என்றால் குன்றின்மீது ஓடி ஏறுதல். பெயரை நீக்கி 'இட்' என்று வைத்தால் வேற்றுமை வெளிப்படும். கடனாயின் 'ரன் இட் அப்'. குன்றாயின் 'ரன் அப் இட்'. முன்னதில் 'அப்' வினையின் உறுப்பு. பின்னதில் அது பெயரைச் சார்ந்தது. முன்னதற்கு 'ஃப்ரேசல் வெர்ப்' என்ற பெயரை லோகன் பியர்சால் ஸ்மித் 1925இல் தம் நூலில் வழங்கினார்; அப்பெயரை அவருக்கு உரைத்தவர் ஆக்ஸ்ஃபோர்டு அகராதியாசிரியர் ஹென்றி பிராட்லி.

1930இல் ஆக்டன் என்பார், அயலார் எளிதிற் கற்க 850 சொற்கள் கொண்ட ஆங்கிலம் ஒன்றை வகுத்தார். அதில் வினைகள் 18 மட்டுமே. எஞ்சிய வினைகளின் வேலையையெல்லாம் பெரும்பாலும் 'புட் அவுட்', 'கிவ் அப்' போன்ற தொடர்களிடம் ஒப்படைத்தார். சுமை குறைந்தது போலத் தோன்றியது. உண்மையில் தோள்தான் மாறியது. தமிழ் கற்க வரும் ஆங்கிலேயர் படும் பாடும் இதுவே. விடுதலையும் கொடுத்தலையும் தனித்தனியே அகராதியிற் கண்டவர், 'விட்டுக்கொடு' என்று நாம் சொல்லும்போது எதை விடுவது, எதைக் கொடுப்பது என்று நம்மையே கேட்கிறார்.