முற்றத்தில் ஒரு புகையிரதப் பாதை

மெதவாச்சியில் வடபாதையினின்றும் பிரிந்து, செட்டிகுளம், மடு, முருங்கன், மன்னார் வழியாகத் தலைமன்னாரை அடையும் புகையிரதப் பாதை 1914ஆம் ஆண்டிலே திறக்கப்பட்டது. அதன் நீளம் ஏறத்தாழ 106 கிலோமீற்றர். இப்பாதையைச் செட்டிகுளத்து வீடொன்றின் முற்றத்திலே சிறிய உருவில் அமைக்க ஒருவன் முற்படுவானாயின், அவன் எவ்வெவற்றை எண்ணிப் பார்க்க வேண்டியிருக்கும்?

தோட்டத்திலே சிறு புகையிரதம் அமைத்தல் வெறும் விளையாட்டாகத் தோன்றியதன்று. இங்கிலாந்திலே டார்பிஷயரில் வாழ்ந்த சேர் ஆதர் ஹேவுட் என்பார், 1874ஆம் ஆண்டு தொடக்கம் தம் இல்லத்து நிலத்திலே பதினைந்தங்குல அகலப் பாதையொன்றை அமைத்தார். பண்ணைகளுக்கு எத்துணைச் சிறிய பாதை போதும் என்பதை மெய்ப்பிப்பதே அவர் நோக்கம். பின்னர் 1968இல் ஜெர்மனியின் லேமன் நிறுவனத்தார், வெயிலையும் மழையையும் தாங்கி முற்றத்தில் ஓடும் சிறு வண்டிகளை விற்பனைக்குக் கொணர்ந்தனர். அவற்றின் பாதையகலம் 45 மில்லிமீற்றர். மீற்றர் அகலப் பாதையை இருபத்திரண்டரை மடங்கு குறுக்கினால் வரும் அளவு ஏறக்குறைய அதுவே.

இந்த அளவைக் கைக்கொண்டால், தலைமன்னார்ப் பாதை 106 கிலோமீற்றரினின்று நாலே முக்கால் கிலோமீற்றருக்குச் சுருங்கும். அதற்கும் எம்முற்றமும் போதாது. ஆகவே சிலவற்றை விடுத்துச் சிலவற்றையே கொள்ளல் வேண்டும். வன்னியில் மாரி மழை கடுமையாகப் பெய்வதால், மண்ணைத் தோண்டிச் சல்லி நிரப்பி, அதன் மேலேயே சிறு தண்டவாளத்தை இடவேண்டும்; இன்றேல் நீர் தேங்கிப் பாதை அமிழ்ந்துவிடும். கோடை வெப்பத்தில் இரும்பு நீளுமாதலால், பொருத்துகள் தோறும் சிறு இடைவெளியும் விடவேண்டும்.

எனினும், விடுத்தற்கரியது ஒன்றுண்டு. அதுவே கடல். 1914இல் பாம்பன் பாலமும் திறக்கப்பட்டது. இந்தியக் கரையில் தனுஷ்கோடி வரை சென்றது மீற்றர் அகலப் பாதை. இலங்கைக் கரையிலோ 1676 மில்லிமீற்றர் அகலப் பாதை. முற்றத்தின் அளவில் முன்னது 45, பின்னது ஏறத்தாழ 75 மில்லிமீற்றர் ஆகும். ஒன்றின் வண்டி மற்றதில் ஓடாது. ஆயினும் பயணிகள் வண்டியை விட்டிறங்கிக் கப்பலேறி, ஏறத்தாழ 35 கிலோமீற்றர் கடலைக் கடந்து, மீண்டும் வண்டியேறினர்.

1964ஆம் ஆண்டு டிசம்பரில் வீசிய சூறாவளி தனுஷ்கோடியை அழித்தது. அதன்பின் இராமேசுவரத்திலிருந்து சென்ற கப்பலும் 1980களில் நின்றது. உள்நாட்டுப் போரினால் 1990இல் தலைமன்னார்ப் பாதையும் மூடப்பட்டது, தண்டவாளங்கள் பெயர்க்கப்பட்டன, பாதையைக் காடு மூடியது. மீளமைக்கப்பட்ட பாதையில், 2013இல் செட்டிகுளத்தைக் கடந்து மடு வரை வண்டி ஓடிற்று. 2015 மார்ச்சில் தலைமன்னார் வரை சென்றது.

இதற்கிடையே, 2007இல் இராமேசுவரப் பாதையும் 1676 மில்லிமீற்றராக அகலப்படுத்தப்பட்டது. தண்டவாளங்கள் வேறுபட்டிருந்த காலத்தில் மக்கள் அவ்வழியே கடலைக் கடந்தனர். தண்டவாளங்கள் ஒத்தபோதோ அக்கப்பல் இல்லை.

ஆதலின், முற்றத்துப் பாதை அமைப்போன் நிலையங்கள் சிலவற்றை விட்டாலும் குற்றமில்லை. 1914ஆம் ஆண்டின் இரு வேறு அகலங்களையும் இட்டு, அவற்றினிடையே ஒரு சிறு நீர்த்தொட்டியும், அதில் ஒரு கப்பலும் அமைப்பானாயின், அதைப் பார்க்கும் பிள்ளை, "இவ்வண்டி ஏன் அப்பாதையில் ஓடாது? மக்கள் எவ்வாறு போனார்கள்?" என்று கேட்கும். அவ்வினாவினின்றே வரலாறு தொடங்கும்.