எடை போட்டு வாங்கிய மெத்தை

மெத்தைக்குத் தராசு வைத்து விலை சொன்ன காலம் ஒன்று தமிழ்நாட்டில் இருந்தது. அப்படியொன்றும் பழங்காலமில்லை; போன தலைமுறை வரை சிறு ஊர்க் கடைத்தெருக்களில் அதுதான் வழக்கம். பஞ்சு இத்தனை கிலோ, மெத்தைத் துணி இத்தனை மீட்டர், தையல் கூலி இவ்வளவு. மூன்றையும் கூட்டினால் விலை. கடைக்காரருக்குத் தெரிந்த கணக்கு வாங்க வந்தவருக்கும் தெரியும். பேரம் பேசுவதென்றால் கூலியில் கொஞ்சம் பேசலாம். பஞ்சின் விலையை ஊரே அறிந்திருக்கும்.

இன்று ஷோரூமில் பக்கத்துப் பக்கத்தில் கிடக்கும் இரண்டு மெத்தைகளில் ஒன்று சில ஆயிரம், இன்னொன்று லட்சத்தைத் தொடுகிறது. இரண்டுக்கும் ஒரே வெள்ளைப் பூத்தையல் உறை. உள்ளே என்ன இருக்கிறது என்று திறந்து காட்ட யாரும் தயாரில்லை. மெத்தை வாங்கப் போகிறவர் ஏமாறுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். இந்த நிலைமை எப்படி வந்தது என்பதற்கு ஒரு சரித்திரம் உண்டு.

தமிழ் இலக்கியத்தில் மிக விலையுயர்ந்த படுக்கை எது என்று கேட்டால் நெடுநல்வாடையில் நக்கீரர் காட்டும் பாண்டிமாதேவியின் கட்டிலைத்தான் சொல்ல வேண்டும். யானைத் தந்தத்தில் செய்த வட்டக் கட்டில், அன்னத்தின் தூவி பரப்பிய அணை. அத்தனை செலவு செய்தும் அரசிக்கு அதில் உறக்கம் வரவில்லை. கணவன் போர்ப் பாசறையில் இருக்கிறான். ஆண்டாளின் திருப்பாவையிலும் தந்தக் கால் கட்டில் வருகிறது, அதன்மேல் பஞ்சசயனம் வருகிறது. அந்த ஐந்து என்னென்ன என்பதில் உரைக்காரர்களிடையே ஒற்றுமை இல்லை. சிலர் மென்மை, குளிர்ச்சி போன்ற ஐந்து குணங்கள் என்பார்கள். சிலர் ஐந்து வகைப் பொருள்களைப் பட்டியலிட்டு இலவம் பஞ்சையும் அதில் சேர்ப்பார்கள்.

இதெல்லாம் அரண்மனைக் கதை. குடிமக்கள் படுத்தது பாயில். கோரைப் பாய், பனையோலைப் பாய், ஈச்சம் பாய் என்று ஊருக்கு ஊர் கிடைத்ததை முடைந்துகொண்டார்கள். காலையில் சுருட்டி மூலையில் சாத்திவிட்டால் படுக்கையறை கூடமாகிவிடும். பத்துப் பேர் உள்ள வீட்டுக்கு ஒரே அறை போதுமானதாக இருந்ததற்கு இதுவும் ஒரு காரணம். கோடை இரவில் பாய் உடம்புச் சூட்டைப் பிடித்து வைக்காது. வயதானவர்களுக்கும் பிள்ளை பெற்றவளுக்கும் மட்டும் கயிற்றுக் கட்டில்.

பாயிலும் ஆடம்பரம் இருந்தது. திருநெல்வேலிப் பக்கம் பத்தமடையில், தாமிரபரணிக் கரைக் கோரையை நீரில் ஊறப்போட்டு, மெல்லிசாகக் கீறி நெய்யும் பாய் துணியைப் போல மடியும். லெப்பை முஸ்லிம் குடும்பங்களின் கைவேலை அது. மணமக்கள் பெயரைப் பாயிலேயே நெய்து கல்யாணத்துக்குக் கொடுப்பது தென்மாவட்ட வழக்கம். 1953இல் இரண்டாம் எலிசபெத்தின் முடிசூட்டு விழாவுக்குப் பத்தமடைப் பாய் போனதாக அந்த ஊர்க்காரர்கள் இன்றும் பெருமையோடு சொல்வார்கள். அங்கேயும் ஒரு நேர்மையான கணக்கு உண்டு: கோரை எவ்வளவு மெல்லியதோ அவ்வளவு விலை. கையால் தடவிப் பார்த்தாலே வித்தியாசம் தெரிந்துவிடும்.

மெத்தைக்கு வருவோம். தமிழ்நாட்டு மெத்தை என்றால் இலவம் பஞ்சு மெத்தை. இலவம் பஞ்சு என்றால் போடிநாயக்கனூர். மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் ஏலக்காய்க்கும் மாம்பழத்துக்கும் பேர்போன இந்த ஊரைச் சுற்றிய தோட்டங்களில் இலவ மரங்கள் நெடுநெடுவென்று நிற்கும். கோடையில் காய் முற்றி வெடிக்கும். பழுக்கும் என்று காத்திருந்த கிளி ஏமாந்த கதை பழமொழியாகிவிட்டது. மனிதன் காத்திருந்தது பஞ்சுக்காக. கொட்டையையும் விடவில்லை. ஆட்டி எண்ணெய் எடுப்பார்கள்; பிண்ணாக்கு மாட்டுக்குப் போகும்.

ஒரு சின்னத் தகவல். பழைய பாட்டுகளில் சிவப்பாகப் பூத்துக் காட்டையே எரிய வைக்கும் இலவம் இந்த மண்ணின் முள்ளிலவு. மெத்தைக்குப் பஞ்சு தரும் மரம் வேறு. அதன் பூ வெளிறிய நிறம், அதன் இனத்தின் தாயகம் அமெரிக்க, ஆப்பிரிக்க வெப்பமண்டலம். நம்முடைய ‘பாரம்பரிய’ மெத்தைக்குள்ளும் ஒரு வெளியூர் மரம்தான் இருக்கிறது.

இலவம் பஞ்சை நூலாக நூற்க முடியாது. இழை குட்டை, வழவழப்பு, ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளாது. நெசவுக்கு உதவாத இந்தக் குணமே படுக்கைக்குப் பொருந்திவந்தது. ஒவ்வொரு இழையும் உள்ளே காற்று அடைத்த நுண்குழாய். மேலே மெழுகுப் பூச்சு இருப்பதால் தண்ணீர் எளிதில் ஏறாது. கப்பல் பயணிகளின் உயிர்காப்பு அங்கிகளுக்குள் நெடுங்காலம் இதைத்தான் அடைத்தார்கள். உலகச் சந்தைக்குப் பெரும்பங்கு ஜாவாவிலிருந்து போய்க்கொண்டிருந்தது. 1942இல் ஜப்பான் அந்தத் தீவைப் பிடித்ததும் அமெரிக்கா திண்டாடியது. பள்ளிப் பிள்ளைகளைவிட்டு நம் எருக்கின் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு காட்டுச்செடியின் காய்களைப் பொறுக்கவைத்து அங்கிகளை நிரப்பினார்கள்.

மெத்தை தைப்பவரின் வேலையைக் கிட்டத்தில் பார்த்தவர்களுக்கு அது மறக்காது. கோடு போட்ட கனத்த துணியை முதலில் பெரிய பையாகத் தைத்து ஒரு பக்கத்தைத் திறந்து விட்டுவிடுவார். மூக்கையும் வாயையும் துண்டால் கட்டிக்கொண்டு, எடை போட்ட பஞ்சைக் கை கையாக அள்ளி மூலைகளுக்குள் முதலில் திணிப்பார். மூலை நிறையாத மெத்தை ஆறே மாதத்தில் நடுவில் குழிந்துவிடும். பிறகு மெல்லிய பிரம்பால் மேலே தட்டித் தட்டிப் பஞ்சை ஒரே மட்டமாகப் பரப்புவார். ஒரு முழ ஊசியை மேலிருந்து கீழே குத்தி, கீழிருந்து மேலே வாங்கி, இடைவெளி விட்டு முடிச்சுப் போடுவார். ஒவ்வொரு முடிச்சிலும் சின்னத் துணிக்குஞ்சம், நூல் துணியை அறுத்துவிடாமல் இருக்க. கடைசியாக ஓரத்தைச் சுருட்டிப் பிடித்துத் தைக்கும்போதுதான் மூட்டையாகக் கிடந்தது மெத்தையாக எழுந்து நிற்கும். அன்று முழுக்க அவர் புருவமெல்லாம் வெள்ளையாக இருக்கும்.

மோசடி இல்லாமலா? இருந்தது. மேலே நல்ல இலவம், நடுவில் மில் கழிவுப் பஞ்சு என்று கலந்துவிடுவார்கள். அதனால்தான் வீட்டுப் பெரியவர் ஒருவர் நாற்காலியைப் போட்டுக்கொண்டு வேலை முடியும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார். நுகர்வோர் பாதுகாப்பு என்பது அந்த நாற்காலிதான்.

பருத்தி மெத்தைக்கு வேறு ஆள். நாளாக நாளாகப் பருத்தி கட்டி தட்டிப் போகும். பிரித்து, வில்லின் நாணில் பஞ்சைப் பிடித்துக் கட்டையால் அடித்து நொய்ய வைத்து, மறுபடி தைக்க வேண்டும். பஞ்சுக்கொட்டி என்று அழைக்கப்பட்ட தொழிலாளர்கள் வில்லைத் தோளில் போட்டுக்கொண்டு தெருத்தெருவாக வருவார்கள். நாண் அதிரும் ஓசைதான் விளம்பரம். பிறகு மின்சாரத்தில் ஓடும் பஞ்சடிக்கும் இயந்திரம் வந்தது. இலவம் மெத்தையானால் தட்டையான பிறகு பொடிந்த பஞ்சை உதறிவிட்டு இரண்டு மூன்று கிலோ புதிதாகச் சேர்த்தால் போதும். மெத்தை வாங்கும் செலவு வாழ்க்கையில் ஒருமுறை, அதன்பின் பராமரிப்பு மட்டும். இந்த ஏற்பாட்டின் சிக்கனம் இன்றைய எந்தத் தவணைத் திட்டத்திலும் இல்லை. ஆனால் கனம், தூசி, மூட்டைப்பூச்சி எல்லாம் கூடவே வந்தன. மாதமொருமுறை மொட்டைமாடி வெயிலுக்குத் தூக்கிப்போய்த் தடியால் அடிக்க வீட்டில் இரண்டு திடமான ஆட்கள் வேண்டும்.

அளவுக்கு மீறிய செலவு இந்தக் கதைக்குள் நுழைந்தது கல்யாண வாசல் வழியாக. கட்டில், மெத்தை, பீரோ என்ற மூன்றும் பெண் வீட்டுச் சீர்வரிசையின் தலைப்பு வரிசையாயின. செட்டிநாட்டில் பர்மா தேக்குக் கட்டிலும் அடுக்கடுக்காக மெத்தை தலையணையும் சீரில் பரப்பி வைக்கப்படும். வந்தவர்கள் எண்ணிப் பார்ப்பார்கள். மற்ற ஊர்களிலும் வசதிக்கேற்ப அதே ஆசை. 1961இல் வரதட்சணைத் தடைச் சட்டம் வந்தது. ‘நாங்களாக விரும்பிப் போடுகிறோம்’ என்ற சொல்லோடு கட்டில் அதன்பிறகும் லாரியேறிக்கொண்டுதான் இருக்கிறது. படுக்கிறவர் முதுகுக்காக வாங்கும் பொருளுக்கும் பார்க்கிறவர் கண்ணுக்காக வாங்கும் பொருளுக்கும் விலை ஒன்றாக இருக்காது. தலைமாட்டில் மயில் செதுக்கிய கட்டிலுக்கு ஆயிரக்கணக்கில் கொடுத்துவிட்டு, மெத்தைக்கு மிச்சப் பணத்தைக் கொடுக்கும் பழக்கம் இங்கே வேர்விட்டது. உடம்பு எட்டு மணி நேரம் தொடுவது மெத்தையை. மயிலை யாரும் தொடுவதில்லை.

அடுத்த மாற்றம் தேங்காய் நாரில் வந்தது. ஆலப்புழையில் 1859இல் ஜேம்ஸ் டாராவும் ஹென்றி ஸ்மெயிலும் தொடங்கிய தேங்காய்நார்த் தொழிற்சாலைக்குப் பிறகு கேரளக் கடற்கரை முழுவதும் நார்த் தொழில் பரவியிருந்தது. சுருள வைத்த நாரின் மேல் ரப்பர் பாலைத் தெளித்து, வெப்பத்தில் பதப்படுத்தினால் அது அமுங்கி எழும் பலகையாகிறது. இதை வைத்து 1962இல் கர்நாடகத்தில் கர்லான், 1963இல் ஆலப்புழையில் டியூரோஃப்ளெக்ஸ் தொடங்கின. நடுத்தர வீடுகளில் கர்லான் என்பது ஒரு கம்பெனிப் பெயராக இல்லாமல் பொருளின் பெயராகவே ஆகிவிட்டது. சென்னையில் எம்.எம். ரப்பர் நிறுவனம் ரப்பர் பாலையே நுரைக்க வைத்து மெத்தை செய்தது. 1929இல் இங்கிலாந்தில் டன்லப் கண்ட முறை அது. 1937இல் ஜெர்மனியில் ஓட்டோ பேயர் உருவாக்கிய பாலியூரித்தேன், பின்னாளில் ஃபோம் என்ற பெயரில் மலிவாக வந்து எல்லாவற்றையும் தள்ளிவிட்டது.

புதிய மெத்தைகள் லேசானவை, சுத்தமானவை, பூச்சி எளிதில் அண்டாதவை. மறுப்பதற்கில்லை. ஆனால் உறை நான்கு பக்கமும் ஒட்டி மூடி வந்தது. பஞ்சு, துணி, கூலி என்று மூன்று வரியாக இருந்த பில் ஒரே வரியாகச் சுருங்கியது. பெரிய விலையை அச்சடித்து அதில் பாதி தள்ளுபடி என்று சொல்லும் வியாபாரத்துக்கு அந்த ஒற்றை வரி மிகவும் வசதி. கட்டி தட்டினால் பிரித்துத் தைக்கவும் முடியாது. குழிந்தால் தூக்கிப்போட வேண்டியதுதான்.

இருந்தாலும் பழைய தராசுக்கு இன்னும் வேலை இருக்கிறது. ஃபோமின் தரத்தை அதன் அடர்த்தியால் சொல்வார்கள்: ஒரு கன மீட்டருக்கு இத்தனை கிலோ. கடையில் 32, 40 என்று சொல்லும் எண் அதுதான். ஆறேகால் அடி நீளம், மூன்றடி அகலம், நான்கு அங்குலக் கனமுள்ள ஒற்றைப் படுக்கையை எடுத்துக்கொண்டால் கன அளவு 0.177 கன மீட்டர். அடர்த்தி 32 என்றால் உள்ளிருக்கும் ஃபோம் சுமார் 5.7 கிலோ இருக்க வேண்டும். 40 என்றால் 7.1 கிலோ. நாற்பது என்று சொல்லி விற்ற மெத்தை உறையோடு சேர்த்தே ஐந்தரை கிலோ காட்டினால் மேற்கொண்டு பேச ஒன்றுமில்லை. கழிவு ஃபோமைத் துண்டு துண்டாக ஒட்டி அழுத்திய ரீபாண்டட் பலகை உள்ளே இருந்தால் மட்டும் இந்தக் கணக்கு குழம்பும். அது இதைவிட மிகவும் கனம். அதனால் அடுக்கு அடுக்காக என்ன இருக்கிறது, ஒவ்வொன்றும் எத்தனை அங்குலம் என்று எழுதி வாங்குவது நல்லது. எழுதித் தரத் தயங்கும் கடையில் வாங்காமல் வந்துவிடலாம்.

‘ஆர்த்தோ’ என்ற பட்டம் இன்னொரு செலவு வாசல். முதுகுவலிக்குப் பலகை போலக் கெட்டியான மெத்தைதான் மருந்து என்று பலரும் நம்புகிறார்கள். ஸ்பெயினில் நாள்பட்ட இடுப்புவலி உள்ள 313 பேரை வைத்து நடத்திய ஆய்வு 2003இல் லான்செட் இதழில் வந்தது. மிகக் கெட்டியான மெத்தையில் படுத்தவர்களைவிட நடுத்தரக் கெட்டியில் படுத்தவர்களுக்கே வலி குறைந்தது. மெமரி ஃபோம் அமெரிக்க விண்வெளி நிறுவனமான நாசாவுக்காக 1966இல் விமான இருக்கைக்கு உருவானது. விண்வெளிப் பெயரைச் சொல்லி விற்கிறார்கள் என்பதற்காக அது சென்னை வெக்கையில் சுகமாக இருக்கும் என்று பொருளில்லை. சூட்டைப் பிடித்துவைக்கும் என்பது அதன்மேல் எங்கும் சொல்லப்படும் குறை.

2016இல் பெங்களூரில் தொடங்கிய வேக்ஃபிட் போன்ற நிறுவனங்கள் மெத்தையைச் சுருட்டிப் பெட்டியில் அடைத்து வீட்டுக்கே அனுப்பின. படுத்துப் பார்த்துவிட்டுப் பிடிக்காவிட்டால் திருப்பித் தரலாம் என்ற ஏற்பாடு அவர்களால் பரவியது. ஷோரூமில் செருப்போடு இரண்டு நிமிடம் படுத்துப் பார்ப்பதைவிட அது மேல். 2023இல் கர்லானை ஸ்லீப்வெல் தயாரிக்கும் ஷீலா ஃபோம் வாங்கிவிட்டது. இலவம் பஞ்சு மெத்தையும் மறைந்துவிடவில்லை. சர்வோதய சங்கக் கடைகளில் கிடைக்கிறது. கீழே ஃபோம் போட்டாலும் தலைக்கு இலவம் பஞ்சுதான் என்று பிடிவாதமாக இருக்கும் வீடுகள் நிறைய.

புது மெத்தைக்காகப் பழைய கட்டிலைத் தள்ளிவிடுவதுதான் இப்போது நடக்கும் பெரிய வீண்செலவு. தச்சர்கள் அந்தக் காலத்தில் இரட்டைக் கட்டிலை ஆறேகால் அடிக்கு நாலடி என்று போட்டார்கள். அங்குலத்தில் 75க்கு 48. கடையில் குயின் என்று கிடைப்பது 78க்கு 60, கிங் 78க்கு 72. பொருந்தவில்லை என்று பாட்டி கொண்டுவந்த தேக்குக் கட்டில் பழைய மரச்சாமான் கடைக்குப் போகிறது. அதே கட்டில் மெருகேறிப் பழங்கலைப் பொருளாக மும்மடங்கு விலைக்குத் திரும்பி வருகிறது. ஊருக்கு ஊர் இருக்கும் ஃபோம் கடைகளில் 75க்கு 48 என்று எழுதிக் கொடுத்தால் அந்த அளவுக்கே வெட்டி உறை தைத்துத் தருகிறார்கள்.