அரியலூர்க்காரர் எந்தக் கட்டில் இருக்கிறார்?

2022 மே 23, ஜகார்த்தா. ஆசியக் கோப்பை ஹாக்கியில் இந்தியாவும் பாகிஸ்தானும் மோதின. 9ஆவது நிமிடத்தில் இந்தியாவுக்கு ஒரு கோல். அடித்தவர் கார்த்தி செல்வம், அரியலூர்க்காரர். இந்திய சீனியர் அணிக்காக அவர் ஆடிய முதல் ஆட்டமே அதுதான். 59ஆவது நிமிடத்தில் பாகிஸ்தானின் அப்துல் ராணா சமன் செய்ய, ஆட்டம் 1-1 என்று முடிந்தது.

ஆட்டத்தாளின் அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு பின்னோக்கிப் போவதுதான் என் வேலை. பெரம்பலூர், அரியலூர் பள்ளி மைதானங்களில் பேர் வாங்கிய பிள்ளைகள் பிற்பாடு என்ன ஆனார்கள் என்று தொகுக்க வேண்டுமானால் மேலிருந்து கீழேதான் இறங்க வேண்டும். பள்ளிப் பதிவேட்டில் தொடங்கி மேலே ஏறினால் பாதி வழியில் ஆளைத் தொலைத்துவிடுவோம்.

தொலைவதற்கு முதல் காரணம் மாவட்ட எல்லை. 1995இல் திருச்சியிலிருந்து பெரம்பலூர் மாவட்டம் பிரிந்தது. 2001 ஜனவரி 1இல் அதிலிருந்து அரியலூர் தனி மாவட்டமானது. 2002 மார்ச் 31இல் மறுபடி பெரம்பலூரோடு சேர்த்தார்கள். 2007 நவம்பர் 23இல் மீண்டும் தனியாக்கினார்கள். அரியலூர் நகரத்தில் ஒரே வீட்டுப் பிள்ளைகள், ஒரே மைதானத்தில் உயரம் தாண்டிப் பரிசு வாங்கினார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். 1993இல் வாங்கிய அண்ணனின் சான்றிதழில் திருச்சி மாவட்டம் என்றிருக்கும். 2005இல் வாங்கிய தங்கையுடையதில் பெரம்பலூர். 2009இல் வாங்கிய கடைக்குட்டியுடையதில் அரியலூர். மாவட்டப் பெயரை வைத்துக் கட்டுகளைப் பிரித்துத் தேடுகிற ஆய்வாளர் இந்த மூவரையும் மூன்று ஊர்க்காரர்களாக எழுதிவிடுவார். எனவே முதல் வேலையாக, ஒவ்வொரு பெயருக்கும் எதிரே ஆண்டைக் குறித்துக்கொண்டு, அந்த ஆண்டில் அந்த ஊர் எந்த மாவட்டத்தில் இருந்தது என்று எழுதத் தொடங்கினேன். பல முடிச்சுகள் அதிலேயே அவிழ்ந்தன.

இரண்டாவது காரணம் விளையாட்டு விடுதி. திறமை தெரிந்ததும் பிள்ளை ஊரைவிட்டுப் போய்விடுகிறது. கார்த்தி செல்வம் தேறியது தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் கோவில்பட்டி ஹாக்கி மையத்தில். அரியலூரிலிருந்து திருச்சி, மதுரை எல்லாம் கடந்து போக வேண்டிய ஊர் அது. ஹாக்கியைத் தெருவுக்குத் தெரு ஆடுகிற ஊரும்கூட. அதே ஆசியக் கோப்பை அணியில் இருந்த மாரீஸ்வரன் சக்திவேல் கோவில்பட்டியிலேயே பிறந்து வளர்ந்தவர். அந்த அணி ஜப்பானை 1-0 என வென்று வெண்கலம் வாங்கியது. விடுதிக்குப் போன பிள்ளையின் பிந்தைய சான்றிதழ்கள் எல்லாம் வேறு மாவட்டக் கணக்கில் ஏறிவிடும். சொந்த ஊர்ப் பள்ளியில் மிஞ்சுவது மாற்றுச் சான்றிதழ் (டி.சி.) கொடுத்த தேதி மட்டும்.

பழைய செய்தித்தாள்களுக்காக எழும்பூர் கன்னிமாரா நூலகத்தில் உட்கார்ந்தேன். அங்கிருந்து நடக்கிற தூரத்தில்தான் மேயர் ராதாகிருஷ்ணன் மைதானம். 2023 ஆகஸ்டில் ஆசிய சாம்பியன்ஸ் கோப்பை அங்கே நடந்தபோது இந்திய அணியில் இருந்த ஒரே தமிழ்நாட்டுக்காரர் கார்த்தி. ஆகஸ்ட் 6இல் மலேசியாவை 5-0 என வீழ்த்திய ஆட்டத்தில் முதல் கோல் அவருடையது. 12ஆம் தேதி இறுதி ஆட்டத்தில் அதே மலேசியாவிடம் பாதி ஆட்டம்வரை 1-3 எனப் பின்தங்கி, பிறகு 4-3 என வென்று கோப்பையை எடுத்தார்கள். இவை எல்லாப் பத்திரிகையிலும் கிடைக்கும். பள்ளிகளுக்கிடையே நடக்கும் குறுவட்டப் போட்டி முடிவுகள் அப்படிக் கிடைக்காது. அரியலூர் பள்ளிச் செய்தி திருச்சிப் பதிப்பின் உள்பக்கத்தில் நாலு வரி வரும். சென்னைப் பதிப்பில் அந்த இடத்தில் வேறு ஊர்ச் செய்தி இருக்கும்.

எனக்கு அதிகம் கைகொடுத்தவை உடற்கல்வி ஆசிரியர்களின் நோட்டுகள்தான். ஓய்வுபெற்ற ஒரு பி.டி. சார் பீரோவிலிருந்து எடுத்துத் தந்தது நீள வாட்டில் கோடு போட்ட கணக்கு நோட்டு. இடது பக்கம் பெயர், வகுப்பு, பிறந்த தேதி, தாண்டிய தூரம். வலது பக்கம் செலவு: பஸ் சார்ஜ், குளுக்கோஸ், வாழைப்பழம், மதியச் சாப்பாடு. ஓரத்தில் பஸ் டிக்கெட்டுகளைச் சோற்றுப் பசையால் ஒட்டி வைத்திருக்கிறார். பாரதியார் தினப் போட்டிக்குத் தேர்வானவர்கள் எட்டுப் பேர் என்று இடது பக்கம் சொல்கிறது. வலது பக்கச் சாப்பாட்டுக் கணக்கு ஏழு பேருக்குத்தான். தேர்வாகியும் பயணம் போக முடியாத ஒரு பிள்ளையை எந்த அரசுப் பதிவும் காட்டாது. இந்த நோட்டு காட்டியது. இப்படிப்பட்ட நோட்டுகள் பழைய பேப்பர் கடைக்குப் போவதைப் பார்க்கும்போது மனசு ஆறுவதில்லை. இரண்டு மாவட்ட விளையாட்டு அலுவலகங்களும் இவற்றைக் கேட்டு வாங்கி வைக்க வேண்டும்.

அடுத்து வேலைவாய்ப்புக் கோப்புகள். தமிழ்நாடு அரசுப் பணியில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு உண்டு. ரயில்வேயும் காவல்துறையும் வீரர்களை எடுக்கின்றன. சம்பளம் பள்ளிச் சான்றிதழை நம்பி இருப்பதால் அதைக் குடும்பமே பத்திரப்படுத்துகிறது. மழையில் கூரை ஒழுகிய வீட்டிலும் அந்தச் சான்றிதழ் வைத்த பிளாஸ்டிக் உறை மட்டும் நனையாமல் இருக்கும்.

பெண்களைத் தேடுவதுதான் கடினம். பள்ளி நோட்டில் அப்பாவின் தலைப்பெழுத்து. கல்யாணத்துக்குப் பிறகு பலருக்குக் கணவரின் தலைப்பெழுத்து. கபடியிலும் கோ-கோவிலும் மாநிலப் போட்டிவரை போனவர், பிறகு வேறொரு பெயரில் ஒரு சம்பளப் பட்டியலில் இருப்பார். இரண்டையும் சேர்த்துப் பார்க்க ஆள் இல்லை. இன்றைய மாணவிகளுக்குப் பள்ளிக் கல்வித் துறை தரும் எமிஸ் எண் இருக்கிறது, பழையவர்களுக்கு அதுவும் கிடையாது. ஆனால் 14, 17, 19 வயதுப் பிரிவுகளுக்காக நுழைவுப் படிவத்தில் பிறந்த தேதி கட்டாயம் எழுதியிருப்பார்கள். பெயர் மாறினாலும் அது மாறாது. ஆகவே பெயரை ஓரமாக வைத்துவிட்டு, பிறந்த தேதியைக் கொண்டே இப்போது தேடுகிறேன். பெரம்பலூர்ப் பெண்கள் அணிகளின் பட்டியல் அப்படித்தான் நிரம்பி வருகிறது.