மூன்றாம் ஜார்ஜின் மனநோய் – தொலைக்காட்சிச் சித்திரிப்பு

1760 முதல் 1820 வரை பிரித்தானியாவின் அரசராக விளங்கிய மூன்றாம் ஜார்ஜின் மனநோய், வரலாற்று நாடகங்கள் மீண்டும் மீண்டும் எடுத்தாண்ட பொருளாகும். 1788இல் ஓயாத பேச்சு, உறக்கமின்மை, மனக்குழப்பம் ஆகியவற்றோடு நோய் முற்றியபோது, மருத்துவர் பிரான்சிஸ் வில்லிஸ் கைகளை அசையவிடாது பிணைக்கும் கட்டுச்சட்டையைப் பயன்படுத்தினார். மறு ஆண்டில் தேறிய மன்னர் பின்னர் மீண்டும் நோயுற்றதால், 1811இல் அவருடைய மூத்த மகன் பதிலாட்சியாளராக, அதாவது மன்னரின் பெயரால் ஆட்சி நடத்துபவராக, பொறுப்பேற்றார்.

இந்நோய் போர்ஃபிரியா என்னும் பரம்பரை வளர்சிதைமாற்றக் கோளாறு என்ற கருத்தை 1966இல் ஐடா மக்கால்பினும் ரிச்சர்ட் ஹன்டரும் முன்வைத்தனர். பிற்கால ஆய்வாளர் பலரோ, மிகையெழுச்சியும் மனச்சோர்வும் மாறிமாறி வரும் இருதுருவக் கோளாறே பொருத்தமான விளக்கம் எனக் கருதுகின்றனர்.

ஷோண்டா ரைம்ஸ் உருவாக்கி, 2023இல் நெட்ஃபிளிக்ஸில் வெளிவந்த ‘குயின் சார்லட்’ என்னும் ஆறு பகுதித் தொடர், 1761இல் மன்னருக்கும் அரசி சார்லட்டுக்கும் நடந்த திருமணத்தின்போதே நோய் கடுமையாக இருந்ததாகக் காட்டுகிறது. இது வரலாற்றுக் காலவரிசையோடு பொருந்தாது. அத்தொடரும் தன்னைப் புனைவென்றே அறிவித்துக்கொள்கிறது. ஆயினும், நோயுற்றவரை நகைப்புக்குரியவராக்காமல், சிகிச்சை என்னும் பெயரில் நிகழ்ந்த கொடுமையையும் அரசியின் பரிவையும் எதிரெதிரே நிறுத்தி, மணிமுடிக்குப் பின்னே மறைந்த மனிதரின் துயரை உணர்த்துவது இதன் பெருஞ்சிறப்பாகும்.