பொட்டல் மேடையில் முத்தமிழ்

இயல், இசை, நாடகம் என்று தமிழை மூன்றாகப் பகுத்துப் பேசுவது நம் வழக்கம். அவற்றின் வரலாற்றைச் சொல்லப் புகுவோர் பெரும்பாலும் புகாரில் தொடங்கித் தஞ்சையில் தங்கிச் சென்னையில் முடிப்பர். அந்த வழியில் அகப்படாத ஓர் ஊர்ப்புறத்திலிருந்து அவ்வரலாற்றை நோக்க நான் விரும்புகிறேன். அருப்புக்கோட்டைக்கும் மானாமதுரைக்கும் இடையே, திருச்சுழியை அடுத்துள்ள நரிக்குடிச் சீமையே அது. வானத்தையும் கண்மாயையும் நம்பி வாழும் வறண்ட பூமி. ஆயினும் நாடகச் சுவையில் வறட்சி அறியாதது.

பழமையை முதலில் சிறிது நினைவுகொள்வோம். சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதை, இருபத்து நான்கு விரல் கொண்ட கோலால் அளந்து, எழுகோல் அகலமும் எண்கோல் நீளமும் ஒருகோல் உயரமும் உடைய அரங்கை வகுக்கிறது. ஒருமுக எழினி, பொருமுக எழினி, கரந்துவரல் எழினி என மூவகைத் திரைகளையும் கூறுகிறது. தஞ்சைப் பெரிய கோயிற் கல்வெட்டு ஒன்று, 11ஆம் நூற்றாண்டில் இராசராசேசுவர நாடகம் ஆடுவதற்காக ஆண்டுதோறும் 120 கலம் நெல் அளிக்கப்பட்டதைக் காட்டுகிறது. நெல்லின் கணக்கு கல்லில் நின்றது; நாடகமோ நமக்குக் கிட்டவில்லை. மனிதர் நினைவில் வாழும் கலை, அந்நினைவு அறுந்தால் மறைந்துவிடும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

இனி நரிக்குடிப் பக்கம் வருவோம். அறுவடை முடிந்து, ஊர்த் தெய்வத்துக்குக் கொடை எடுக்கும் நாட்களில் இங்கே நிகழ்வது ‘ஸ்பெஷல் நாடகம்’ எனப்படும். ஒரே குழுவில் கூடி வாழும் நடிகரை விடுத்து, இன்னார் இராஜபார்ட், இன்னார் ஸ்திரீபார்ட், இன்னார் பபூன் என்று பெயர் சொல்லித் தனித்தனியே அமர்த்துவதால் வந்த பெயர் இது. மதுரையிலிருந்து ஒருவர் வருவார், புதுக்கோட்டையிலிருந்து ஒருவர், திண்டுக்கல்லிலிருந்து மற்றொருவர். முன்கூட்டி ஒத்திகை என்பது இல்லை. வள்ளியும் நாரதரும் அன்றிரவு மேடையிலேயே முதன்முறை சந்தித்தல்கூட உண்டு. எனினும் விடியும்வரை நாடகம் தடுமாறாமல் நடக்கும். இஃது எவ்வாறு இயலும்?

இதற்கு விடை ஒரு மனிதரில் இருக்கிறது. தூத்துக்குடியை அடுத்த காட்டுநாயக்கன்பட்டியில் 1867இல் பிறந்து, 1922இல் புதுச்சேரியில் மறைந்த தவத்திரு சங்கரதாஸ் சுவாமிகளே அவர். வள்ளி திருமணம், பவளக்கொடி, சத்தியவான் சாவித்திரி முதலிய நாற்பதுக்கும் மேற்பட்ட நாடகங்களை அவர் இயற்றினார். 1918இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையை நிறுவிச் சிறுவர்களைப் பழக்கினார். அவருடைய பாடம் நடிகர் அனைவர்க்கும் பொதுச் சொத்தாயிற்று. ஒரே பாடத்தை எல்லாரும் கற்றிருந்ததனால், முன்பின் அறியாதவரும் மேடையில் உறவினர் ஆயினர்.

பொதுப்பாடம் மட்டும் போதுமா? போதாது. அதனைக் கோத்து நிறுத்தும் நூல் இசையே என்பது என் கருத்து. ஒரு பாத்திரம் மேடை ஏறும்போது விருத்தம் பாடுகிறது. தாளக் கட்டில்லாத அவ்விருத்தத்தின்போது சுருதி நிலைபெறுகிறது. எதிரே நிற்பவர் இவருடைய குரலையும் போக்கையும் அளந்து கொள்கிறார். பின்னர்த் தாளத்தோடு கூடிய பாட்டு, அதன்பின் வசனம், பிறகு வள்ளிக்கும் நாரதருக்கும் நிகழும் தருக்கம். சொல்லாடலில் ஒருவர் எவ்வளவு தூரம் விலகிச் சென்றாலும், அடுத்த பாட்டின் முதலடி அவரைக் கதைக்குள் மீட்டுக் கொணரும். மிருதங்கம் அவருக்கு நடை தரும். ஆர்மோனியக்காரரோ பின்பாட்டும் பாடி, தயங்குபவருக்கு அடியெடுத்தும் கொடுப்பார். உண்மையில் அந்த இரவின் ஆசிரியர் அவரே.

இந்த ஆர்மோனியத்துக்கு ஒரு தனி வரலாறு உண்டு. மேனாட்டிலிருந்து வந்து, பார்சி நாடகக் கம்பெனிகளின் வாயிலாக நம் மேடைகளில் பரவிய கருவி அது. நிலைத்த சுரங்களே உடைமையால் கமகத்துக்கு ஒவ்வாது என்று, 1940இல் நம் வானொலியே அதனை விலக்கியது. 1971இல்தான் அத்தடை ஓரளவு தளர்ந்தது. சங்கீத வித்துவான்கள் கூறிய குறை பொய்யன்று. ஆனால் ஒலிபெருக்கி இல்லாத காலத்தில், பொட்டல் வெளியில் திரண்ட ஊராருக்கு நடுவே, உரத்த கட்டையில் பாடிய நடிகருக்கு அசையாத சுருதி ஒன்று துணை வேண்டியிருந்தது. ஒரு சபையின் குறை மற்றொரு சபைக்கு உயிராயிற்று.

ஒத்திகையற்ற இம்மேடையின் நெகிழ்ச்சி, நாட்டுக்கும் பயன்பட்டது. சிவகாசியில் 1886இல் பிறந்த விசுவநாத தாஸ், முருகனாக மேடையேறித் தேசியப் பாடல்களை இடையே பாடுவார். அதற்காகப் பலமுறை சிறை சென்றார். நாவிதர் குலத்தில் பிறந்தவர் என்பதனால் அவரோடு நடிக்க மறுத்தாரும் உண்டு. அந்நாளில் வள்ளியாக உடன் நின்றவர்களுள் கே. பி. ஜானகி அம்மாள் ஒருவர். 1940 டிசம்பர் 31ஆம் நாள் சென்னையில், முருகன் வேடத்தில் மயில்மீது அமர்ந்தவாறே தாஸ் உயிர் நீத்தார்.

இன்றும் இந்நாடகம் நடைபெறுகிறது. ஆயின் அதற்கு வேண்டுவது நல்ல நடிகர் மட்டுமன்று. நாரதர் ஒரு கேள்வியைத் தொடுக்கும்போது, வள்ளி என்ன விடை சொல்லக்கூடும் என்று முன்வரிசைப் பாட்டிக்குத் தெரியும். சொல் பிறழ்ந்தால் சிரிப்பாள். புதிதாய்ச் சொன்னால் மெச்சுவாள். அவளுடைய செவியே இந்நாடகத்தின் ஒத்திகைக் கூடம். நடிகரின் கூலியையும் வேதனையையும் எண்ணாமல், கூத்தாடி என்று அவரை இகழ்ந்துகொண்டே அவர் கலையை மட்டும் போற்றுவது முறையாகாது. அதுபோலவே, ஆடலைப் பார்த்துவிட்டு நள்ளிரவில் எழுந்து போகும் அவையால் இக்கலையைக் காத்தல் அரிது.

முத்தமிழை மூன்று நூல்களில் தேடுபவர்கள் தேடட்டும். ஒருமுறை பங்குனி, சித்திரைத் திங்களில் நரிக்குடிப் பக்கம் சென்று, வைகறைவரை அமர்ந்து கேளுங்கள். பேச்சு எங்கே முடிந்தது, பாட்டு எங்கே பிறந்தது என்று உங்களால் பிரித்துச் சொல்ல முடியாது. பிரிக்க இயலாத அந்த ஒன்றையே நம் முன்னோர் மூன்று பெயரால் அழைத்தனர் என்பது அப்போது விளங்கும்.