பெற்றவன் காட்டும் வழி: பினாங்கும் ஆற்றுப்படையும்

நாகூரிற் பிறந்த குலாம் காதிறு நாவலர் (1833-1908) பினாங்கில் வாழ்ந்த காலத்தில் ‘வித்தியா விசாரிணி’ என்னும் தமிழ் இதழை நடத்தினார். அது 1883-ஆம் ஆண்டில் தோன்றியது. பத்துப்பாட்டை உ. வே. சாமிநாதையர் பதிப்பித்தது அதற்கு ஆறு ஆண்டுகள் கழித்து, 1889-இல்தான். அப்பத்தில் ஐந்து பாட்டுகள் ஆற்றுப்படைகள். திருமுருகாற்றுப்படை நீங்கலாக ஏனைய நான்கும் அந்நாளில் பெரும்பாலோர் கண்ணிற்படாமல் ஏட்டில் உறங்கிக் கிடந்தன.

பின்னர்ப் பாண்டித்துரைத் தேவர் 1901-இல் மதுரைத் தமிழ்ச் சங்கத்தை நிறுவியபோது, நாவலர் அச்சங்கத்தைப் போற்றிப் ‘புலவராற்றுப்படை’ பாடினார். வறுமையுற்ற பாணனை மன்னனிடம் அனுப்பிய பழைய பாட்டு, இங்கே புலவனை ஒரு சங்கத்தினிடம் அனுப்புகிறது. கொடுப்பவன் அரசன் என்ற நிலை மாறி, ஒரு வள்ளல் தோற்றுவித்த பொது நிறுவனம் கொடுக்கிறது. நூல்நிலையமும் அச்சகமும் தேர்வுகளும் அங்கே பரிசில்களாயின. பினாங்கில் இதழ் நடத்திய ஒருவர் இம்மாற்றத்தைக் கண்டு பாடினார் என்பது அவ்வூர்த் தமிழாசிரியர்கள் தம் மாணவர்க்கு எடுத்துச் சொல்லத் தக்க செய்தியாகும்.

ஈகையைப் பள்ளியிற் கற்பிக்க வந்தவர்கள் பெரும்பாலும் வள்ளல் எழுவரில் தொடங்குவர். பாரி தேர் கொடுத்தான். பேகன் போர்வை கொடுத்தான். அதியமான் நெல்லிக்கனி கொடுத்தான். மாணவன் பட்டியலை மனப்பாடம் செய்து, ஈகையின் சிறப்பைப் பற்றி நான்கு அடிகளும் எழுதித் தருவான். அவன் எழுதுவதிற் பிழை இராது. ஆனால் அவனுக்கு அதில் இடமும் இராது. பதினைந்து வயதுச் சிறுவனிடம் தேர் ஏது? கொடுப்பது பெரியோர் தொழில், புகழ்வது நம் தொழில் என்ற எண்ணமே அவனுள் எஞ்சும். பிற்காலத்துச் சீட்டுக்கவிகள் பலவும் இந்த எண்ணத்தில் விளைந்தவையே. செல்வரை வானளாவப் புகழ்ந்து ஒரு வேட்டிக்கும் ஒரு மூட்டை நெல்லுக்கும் விண்ணப்பித்த அப்பாடல்களில் சொல்லழகு உண்டு. அவற்றால் ஈகையைக் கற்பிக்க இயலாது.

ஆற்றுப்படையின் அமைப்பே வேறு. அதைப் பாடும் குரல் கொடுத்தவன் குரலன்று. கேட்பவன் குரலும் அன்று. பெற்றவன் குரல். கூத்தரும் பாணரும் பொருநரும் விறலியரும் தாம் பெற்ற வளத்தை எதிரே வரும் பெறாதவர்க்கு எடுத்துரைத்து, அவரும் சென்று பயன்பெறச் செய்வதே இதன் இலக்கணம் எனத் தொல்காப்பியப் புறத்திணையியல் கூறுகிறது. பாடுபவனிடம் இப்போது யானையும் தேரும் இருக்கலாம். ஆயினும் அவன் எதிர்வருபவனுக்குக் கொடுப்பது வழி ஒன்றையே. பெற்ற கணத்திலேயே அவனும் ஒரு கொடையாளி ஆகிவிடுகிறான். தனக்குக் கிடைத்த இடத்தைத் தன்னோடு மறைத்துக்கொள்ளாதவன் செய்யும் கொடை அது.

அதற்கு அவன் தன் பழைய நிலையை மறைக்காமற் சொல்லவேண்டும். இங்கேதான் சங்கப் புலவர்களின் துணிவு தெரிகிறது. சிறுபாணாற்றுப்படையில் நல்லூர் நத்தத்தனார் காட்டும் அடுக்களையை நினைத்துப் பார்க்கலாம். கண் திறவாத குட்டிகளை ஈன்ற நாய், பால் இன்மையால் அவற்றின் வாய்படுவதைப் பொறுக்காமல் குரைக்கிறது. இல்லாள் குப்பையில் முளைத்த கீரையை நகத்தாற் கிள்ளி வந்து உப்பின்றி வேகவைக்கிறாள். பின்பு, அறியாதார் கண்டால் நாணம் என்று கதவை அடைத்துவிட்டுச் சுற்றத்தாரோடு உண்கிறாள். பசியைப் பாடியவர் பலர். அடைத்த கதவைப் பாடியவர் சிலரே. வறியவன் எல்லாரும் கையேந்தி நிற்பதில்லை, பெரும்பாலோர் கதவுக்குப் பின்னேதான் இருக்கின்றனர் என்பதை அந்த ஓரடியால் அறிகிறோம்.

பொருநராற்றுப்படையில் பொருநன் உடுத்திருந்த துணி ஈரும் பேனும் குடியிருந்தது. வேர்வையில் நனைந்து வேற்று நூலால் தைக்கப்பட்டது. கரிகாலன் அதனைக் களைந்து, நெய்த இழை கண்ணுக்குத் தெரியாத மெல்லாடை தருகிறான். வழியனுப்பும்போது ஏழடி பின்னே நடந்து வருகிறான். மாணவர்க்குச் சொல்லவேண்டியது ஆடையின் விலையை அன்று, அந்த ஏழடியை.

இனிப் பினாங்கை நோக்குவோம். அத்தீவிலே தமிழ்க் கல்வி தொடங்கியதே அறத்தோடு ஒட்டித்தான். பாதிரியார் அட்சிங்சு 1816 அக்டோபர் 21-இல் தொடங்கிய இலவசப் பள்ளி பொதுமக்கள் நன்கொடையால் எழுந்தது. அதனைச் சார்ந்து அமைந்த தமிழ் வகுப்பையே மலேசியத் தமிழ்க் கல்வியின் தொடக்கமாகக் கொண்டு, 2016-இல் இருநூறாம் ஆண்டைக் கொண்டாடினர். கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல் 1801-இலும், குயின் தெரு மாரியம்மன் கோயில் 1833-இலும் தோன்றியவை. தைப்பூசத்தன்று சியார்ச்சு டவுனிலிருந்து தண்ணீர்மலை வரை நீளும் சாலையில் தண்ணீர்ப்பந்தல்கள் நிற்கும். யார் என்ன சமயம் என்று கேளாமல் சோறும் மோரும் அங்கே வழங்கப்படும். பெரும்பாணாற்றுப்படை ஊர்தோறும் உணவு காட்டிச் செல்வதுபோல, அந்தச் சாலையும் ஒரு மாணவனின் பாட்டுக்குப் பாதையாகலாம்.

எழுதுபவன் இளைஞனாயின் முதலில் அவன் விடை காணவேண்டிய வினா, தான் பெற்றது யாது என்பதே. இலவசமாகக் கிடைத்த பாடநூல், எவரோ கட்டிய பள்ளிக்கூடம், மாலையில் ஊதியம் வாங்காமற் கணக்குச் சொல்லித்தந்த அண்ணன் என்று தேடினால், பெறாதவன் என்று தன்னைச் சொல்லிக்கொள்ளும் மாணவன் அரியனாவான். அடுத்து அவன் வழியைச் சொல்லவேண்டும். அதற்கு ஊரை நடந்து பார்த்திருக்க வேண்டும். ஈகையின் சிறப்பென்னும் தலைப்பில் வீட்டிலிருந்தபடியே எழுதிவிடலாம். ஆற்றுப்படையை அவ்வாறு எழுத முடியாது.

இளைஞர் எழுத்தும் பொதுக்கொடையும் மலாயாவில் ஒருங்கே வளர்ந்த காலமும் ஒன்று உண்டு. கோ. சாரங்கபாணி நடத்திய தமிழ் முரசு 1950-களில் ‘மாணவர் மணிமன்றம்’ என்னும் பகுதியின் வாயிலாகப் பள்ளி மாணவர்களைக் கவிதையும் கட்டுரையும் எழுதப் பழக்கியது. மலாயாப் பல்கலைக்கழகத்து இந்தியவியல் துறையில் தமிழுக்கு உரிய இடம் வேண்டும் என்று வாதாடிய அதே சாரங்கபாணி, அத்துறைக்குத் தமிழ் நூல்கள் வாங்க ‘தமிழ் எங்கள் உயிர்’ என்ற பெயரில் மக்களிடம் நிதி திரட்டினார். மன்னன் இல்லை, குறுநில வள்ளல் இல்லை. உழைப்பாளிகளின் சிறு தொகைகளே நூல்களாக மாறின. தன் எழுத்து அச்சாகும் தாளிலேயே இவ்வேண்டுகோளையும் படித்த மாணவனுக்குக் கொடை என்பது புறநானூற்றோடு முடிந்த செய்தியாகத் தோன்றியிராது.

பாரதியார் கலைமகளைப் போற்றிய பாட்டொன்றிலும் இக்கருத்தே நிற்கிறது. பொன்னுடையோர் பொன்னும், அஃதில்லார் சிறு காசும், அதுவும் இல்லார் வாய்ச்சொல்லும், உடல் வலியுடையோர் உழைப்பும் தரலாம் என்று கல்விப் பணிக்கு எல்லாரையும் அழைக்கிறார் அவர். பினாங்குத் தீவில் குளுகோரில் உள்ள தமிழ்ப்பள்ளி அவர் பெயரையே தாங்கி நிற்கிறது.

ஆற்றுப்படை வழியின் இனிமையை மட்டும் கூறுவதன்று. மலைபடுகடாம் பாடிய பெருங்கௌசிகனார், நன்னனிடம் செல்லும் கூத்தர்க்கு இடர்களையும் விடாமற் சொல்கிறார். பன்றிக்காகத் தினைப்புனத்தில் வைத்த பொறிகளைப் பார்த்து நட, பாசி படிந்த வழுக்கு நிலத்திற் கொடியைப் பற்றிக்கொள், யானையை விரட்ட எறியும் கவண்கல் உன்மேற் படாமல் மரத்தின் மறைவில் ஒதுங்கு என்கிறார்.

பினாங்கின் அறவழியிலும் வழுக்கு நிலம் இருந்தது. முன்னோர் விட்டுச்சென்ற அறக்கட்டளை நிலங்களும் வீடுகளும் சரிவர நிருவகிக்கப்படவில்லை என்ற குறை 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் வலுத்தது. 1905-இல் இசுலாமிய, இந்து அறக்கட்டளைகளுக்கெனத் தனிச் சட்டம் இயற்றி, அவற்றை ஒரு வாரியத்தின் பொறுப்பில் வைக்க நேர்ந்தது. இன்று பினாங்கு இந்து அறப்பணி வாரியம் தனியே இயங்குகிறது. கொடுத்தவன் பெயர் கல்லில் இருக்க, கொடை எங்கே போயிற்று என்று கேட்கும் நிலை பல ஊர்களில் உண்டு. மாணவன் எழுதும் ஆற்றுப்படையில் கோயில் அலுவலகமும் பள்ளிவாசலின் கணக்கரும் வரலாம். வாடகை எவ்வளவு, அதில் எத்தனை பிள்ளைகள் படிக்கின்றனர் என்று அவன் கேட்டறிந்து எழுதினால், அதுவும் மலைபடுகடாம் வகுத்த வழிதான்.